பன்னிரண்டு பில்டர் வாங்கிய புத்திசாலிக்கு

மகனே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். மாமனார் வீட்டுச் சாப்பாடு, கேளம்பாக்கத்து உப்பங்காற்று, வாசலில் டீசல் கார், இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன வேண்டும்? திங்கட்கிழமை காலை திருப்போரூர் பஸ் கண்டக்டர் உன் கடிதத்தையும் கூடவே ஓர் அட்டைப் பெட்டியையும் கொண்டுவந்து கொடுத்தார். கடிதம் நான்கு பக்கம். மூன்றே முக்கால் பக்கம் உன் காரைப் பற்றி. வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போன பழைய பெட்ரோல் காரை வாங்கி, அதன் இஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் இஞ்சின் வைத்திருக்கிறாய். மகாபலிபுரத்துக்கும் கோவளத்துக்கும் வாடகைக்கு ஓட்டப் போகிறாய். பட்டணத்தில் உன் மச்சான் கூட்டிக்கொண்டு போன கடையில் ஆயில் பில்டர் ஒரு டஜன் சல்லிசாக வாங்கிவிட்டாய். அதில் ஒன்றை நான் பார்த்துச் சந்தோஷப்பட அனுப்பியிருக்கிறாய். கடைசிக் கால் பக்கத்தில், வந்து உட்கார்ந்த ஈயை விரட்டியதுபோல ஒரு விஷயம் எழுதியிருந்தாய்: முனுசாமி வேலை கேட்டு வந்தான், துரத்திவிட்டேன் என்று. இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். முதலில் பில்டர். அதுதான் எழுதச் சுலபம்.

உன்னை எப்படி ஏமாற்றியிருப்பான் என்று எனக்கு அங்கே இருந்து பார்த்தது போலத் தெரியும். உள்ளே நுழைந்ததும் "வாங்க சார்" என்றிருப்பான். நீ பிறந்த நாளிலிருந்து உன்னை யாரும் சார் என்றதில்லை. அங்கேயே பாதி விழுந்திருப்பாய். மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுத்திருப்பான். பிறகு குரலைத் தாழ்த்தி, இது கப்பலில் வந்த சரக்கு, எல்லாருக்கும் கொடுப்பதில்லை என்றிருப்பான். நீயும் எல்லாரிலும் ஒருவன் இல்லை என்று நிரூபிக்க ஒரு டஜன் வாங்கிவிட்டாய். பெட்டியை நான் பார்த்தேன். சீமையில் அச்சடித்த பெட்டியாம். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து தலைகீழாக இருக்கிறது. சீமைக்காரன் தன் ஊர்ப் பெயரைக்கூட எழுதத் தெரியாதவனா? நம் தமிழில் ஒருவனை முழு முட்டாள் என்று சொல்ல வடிகட்டின முட்டாள் என்கிறோம். எத்தனை முறை வடிகட்டினாலும் கடைசியில் நிற்பது முட்டாள்தனம் மட்டும்தான் என்று பொருள். நீ வடிகட்டியிலேயே ஏமாந்தவன். உனக்கு அந்தப் பெயர் இரண்டு விதத்திலும் பொருந்துகிறது.

உன் பில்டரை அரிவாள்மனையில் வைத்து நறுக்கினேன். சிரிக்காதே. காய் நறுக்குகிறவளுக்கு உள்ளே சொத்தை இருக்கிறதா என்று பார்க்க வேறு வழி தெரியாது. முதலில், வெட்டுவதற்கு முன், கையில் தூக்கிப் பார்த்தேன். காலிப் பெட்டியைத் தூக்கினது போல இருந்தது. நல்ல பில்டர் கையில் கனக்கும். நடுவில் ஓட்டை போட்ட தகரக் குழாய் இருக்கும். எண்ணெய் அழுத்தும்போது காகிதம் உள்ளே நசுங்கிப் போகாமல் தாங்குவது அதுதான். உன்னுடையதில் தகரம் இல்லை, அட்டை. பட்டாசுக்குச் சுற்றுகிற அட்டை. மேலும் கீழும் இருக்கிற மூடியில் காகிதம் பசையில் நன்றாக ஊன்றி உட்கார்ந்திருக்க வேண்டும். உன்னுடையதில் நகத்தால் கிளப்பினேன், அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது. காகித மடிப்புகள் ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், புதுப்புடவைக் கொசுவம் போல நிற்க வேண்டும். உன்னுடையதில் ஓர் இடத்தில் நான்கு மடிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்னோர் இடத்தில் சுண்டுவிரல் போகிற சந்து. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன். ஊசி முனை அளவுக்கு இரண்டு இடத்தில் வெயில் தெரிந்தது. வெயில் போகிற இடத்தில் மண் போகாதா? இதைக் கடையிலேயே, அந்தச் சோடாவைக் குடிப்பதற்கு முன், வாசலுக்கு எடுத்துவந்து பார்த்திருக்கலாம். அதற்கு யாரும் கூலி கேட்க மாட்டார்கள்.

பாதியை வடை சுட்ட எண்ணெயில், அடுப்பில் சூடாக இருக்கும்போதே போட்டேன். வடை வேகிற நேரம்கூட ஆகவில்லை, பசை இளகிக் காகிதம் சோறு குழைந்தது போலக் குழைந்தது. இஞ்சினுக்குள் எண்ணெய் என்ன பச்சைத் தண்ணீராகவா இருக்கப்போகிறது? நல்ல பில்டர் காகிதம் பதப்படுத்தியது. கொதிக்கிற எண்ணெயில் நாள் கணக்கில் கிடந்தாலும் விறைப்பு விடாது. பிறகு அந்த ரப்பர் வளையம். அதை இரண்டு விரலால் இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு வர வேண்டும். உன்னுடையது இழுத்த இடத்திலேயே நின்றது. இனி வாங்கும்போது ஒன்றே ஒன்று வாங்கு. தூக்கிப் பார், மூடியை நகத்தால் கிளப்பிப் பார், வெளிச்சத்தில் பார், வளையத்தை இழுத்துப் பார். மாட்டும்போது பழைய வளையம் குழியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் மேலேயே புதியதைப் போடுகிறவர்கள் உன்னைப் போன்ற அவசரக்காரர்கள். பில்டர் உட்காருகிற கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிவிட்டு, போல்ட்டை அளவாக முறுக்கி மாட்டு. இஞ்சினைப் போட்டதும் பறக்காதே. ஆயில் மீட்டரில் முள் ஏறி நிற்கிற வரைக்கும் நில். டீசலில் எண்ணெய் மறுநாளே கறுத்துவிடும், அதைப் பார்த்துப் பயப்படாதே. கறுப்பு கெடுதல் இல்லை, உன் ஊர் உப்பளத்துப் புழுதியும் கடற்கரை மணலும்தான் கெடுதல். மைல் கணக்கு வைத்து மாற்று. எல்லாவற்றுக்கும் மேலே, காகித பில்டரைக் கழுவாதே. அழுக்கானால் எறிந்துவிடு. இந்தக் கடைசிப் புத்திமதியை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

இவ்வளவும் இவளுக்கு எப்படித் தெரியும், அடுப்படியில் கிடக்கிறவளுக்கு, என்று நீ நினைப்பாய். உன் நைனாவும் அப்படித்தான் நினைத்தார். செத்துப்போனவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். ஊரில் அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னை விட்டுவிடு. செங்கல்பட்டில் முதன்முதலாக டீசல் கார் வைத்தவர் தான்தான் என்று ஸ்டேஷன் வாசலில் நின்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னவர் அவர். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் வித்தியாசம் கேட்டால், "சத்தம் வேற மாறி இருக்கும்" என்பார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். காரில் முன்சீட்டில் அங்கவஸ்திரத்தோடு உட்காருவது அவர் வேலை. ஓட்டுவது, பானெட்டைத் திறப்பது, எண்ணெய் மாற்றுவது, காருக்கு அடியில் படுத்து முதுகில் தார் ஒட்டிக்கொள்வது எல்லாம் முனுசாமியின் வேலை. முனுசாமிக்கு உன் நைனாவைவிட நான்கு வயது அதிகம். நம் வீட்டில் எல்லாரும் அவரை அவன், வாடா, போடா என்றோம். தவழ்கிற நாளிலிருந்து நீயும் அப்படித்தான் கூப்பிட்டாய், நான் திருத்தவில்லை. இருபது வருஷம் நானும் அவன் என்றுதான் சொன்னேன். இந்தக் கடிதத்தில் அவர் என்று எழுத என் கை பழகவில்லை. எழுதி அடித்து எழுதி அடித்து, இப்போதுதான் வருகிறது. உனக்கும் பழகட்டும்.

டீசல் இஞ்சின் வைத்த புதிதில் அதற்கு வந்தது கம்பளி பில்டர். முரட்டுக் கம்பளியைச் சுருட்டி வைத்தது போல இருக்கும். அதைக் கழுவலாம். முனுசாமி கழற்றிக்கொண்டுவந்து பின்கட்டில் வைப்பார்; நான் மண்ணெண்ணெயில் இரண்டு தரம் அலசி, உதறி, துணிக்கொடியில் காயவைத்துக் கொடுப்பேன். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முனுசாமி கழுவினது எனக்குப் பிடிக்கவில்லை; ஆண்பிள்ளைகள் எதைத்தான் சுத்தமாகக் கழுவினார்கள்? "எங்க வூட்டுக்காரி கழுவினா இஞ்சினே புதுசாயிடும்" என்று உன் நைனா ஸ்டேஷனில் சொல்வாராம். எனக்கு அது பெருமையாக இருந்தது. வெட்கம்கெட்ட பெருமை, ஆனால் இருந்தது. காபி பில்டரும் நான்தான் கழுவினேன், கார் பில்டரும் நான்தான் கழுவினேன், இரண்டிலும் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. பிறகு கம்பளி வருவது நின்று காகிதத்தில் வர ஆரம்பித்தது. இரண்டு வாங்கி வைத்தோம். ஒன்றை மாட்டி ஓட்டி, மாற்ற வேண்டிய நாள் வந்ததும் முனுசாமி கழற்றி எடுத்துவந்தார். வழக்கம்போல நான் வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"யம்மா, இது கம்பளி இல்ல, காயிதம்மா. இத்த கழுவக் கூடாது. கடாசிட்டுப் புச்சு போடணும்."

"எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

"பட்டணத்துல இஞ்சின் வெச்சாரு பாரு, அந்த மேஸ்திரி சொன்னாரும்மா. கழுவினா உள்ளாற கிழிஞ்சிடுமாம். கண்ணுக்கே தெரியாதாம்."

நான் என்ன நினைத்தேன் என்று சொல்லவா? எனக்கே கழுவக் கற்றுக்கொடுக்க வந்துவிட்டானா இவன் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. காகிதமா கம்பளியா என்பது என் தலையில் ஏறவே இல்லை. "சரி, கழுவல. இங்க வெச்சிட்டுப் போ, குப்பைல போட்டுடறேன். புதுசு எடுத்துத் தரேன்" என்றேன். அவர் நம்பிவிட்டுப் போனார். அவருக்கு அதைத் தவிர என்ன தெரியும்?

அன்றைக்கு நான் கழுவியது போல என் வாழ்நாளில் எதையும் கழுவியதில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். ஒவ்வொரு மடிப்பாக விரலால் பிரித்து, தேங்காய் நாரால் தேய்த்தேன். அது போதாதென்று வெந்நீரில் சோப்பைக் கரைத்து அதிலும் முக்கி எடுத்தேன். இரண்டு நாள் மொட்டை மாடியில் வெயிலில் காய்ந்தது. காய்ந்த பிறகு பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. புதியதை அதன் பெட்டியிலிருந்து எடுத்து என் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, கழுவினதை அந்தப் பெட்டிக்குள் போட்டு முனுசாமியிடம் நீட்டினேன். சிக்கனத்துக்காகச் செய்தேன் என்று சொன்னால் அது சப்பைக்கட்டு. அவர் சொன்னது தப்பு, நான் செய்ததுதான் சரி என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளச் செய்தேன். வண்டி நன்றாக ஓடும், மாதம் போனதும் நான் கழுவினதுதான் அது என்று அவரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று திட்டம். அவர் பெட்டியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னாம்மா, கிருஷ்ணாயில் வாசன அடிக்குதே?"

"மண்ணெண்ணெய் டின் பக்கத்துல வெச்சிருந்தேன். அதான்."

"நெறமும் கொஞ்சம் மங்கலா கீற மாறி..."

"புதுச் சரக்கு அப்படித்தான் வருதாம்."

"நீங்க சொன்னா சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் மாட்டினார்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, பட்டணத்திலிருந்து யாரோ பெரிய என்ஜினீயர் குடும்பம் ரயிலில் வந்தது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிப் பொழுதுக்குக் கழுகு வந்து சோறு தின்பதைப் பார்த்துவிட்டு அப்படியே மகாபலிபுரம் போக வேண்டும். உன் நைனா புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். கழுக்குன்றத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது ஆயில் மீட்டர் முள் கீழே விழுந்திருக்கிறது. முனுசாமி அந்த நொடியே ஓரங்கட்டி நிறுத்தினார். உன் நைனாவுக்கோ மணி பன்னிரண்டாகிறது, கழுகு போய்விடும். "இன்னா முள்ளு, மயிரு முள்ளு, ஓட்றா" என்றாராம். முனுசாமி மாட்டேன் என்று கெஞ்சியும் ஓட்டவைத்திருக்கிறார். அரை மைல் போவதற்குள் உள்ளே கடகடவென்று சத்தம் வந்து இஞ்சின் சுற்றாமல் இறுகிக் கட்டிக்கொண்டது. என்ஜினீயர் குடும்பம் வெயிலில் நடந்தது. கழுகு சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. ஓட்டு என்று தானே சொன்னதை உன் நைனா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே நேற்று முனுசாமி சொல்லித்தான் தெரியும். இரண்டு மாடு கட்டி இழுத்துவந்து ஒர்க் ஷாப்பில் போட்டார்கள். மேஸ்திரி பிரித்துப் பார்த்துவிட்டு, பில்டர் காகிதம் நார் நாராகப் பிய்ந்து எண்ணெய் போகிற வழியையெல்லாம் அடைத்திருக்கிறது, பேரிங் தீய்ந்துபோய்விட்டது, மாட்டினவன் போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கியிருப்பான், அதில் நசுங்கிக் கிழிந்திருக்கும் என்றார்.

அதன் பிறகு நம் வாசலில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் நின்றாய். உன் நைனா தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார். கைகெட்டவன், சோறு போட்ட வீட்டை நாசமாக்கினவன் என்று சொல்லி வேலையை விட்டே துரத்தினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தப் பேச்சு போயிற்று. முனுசாமி தொட்டால் இஞ்சின் போய்விடும் என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். உன் நைனா கத்தும்போது நான் உள்ளே, கதவுக்குப் பின்னால், மாவுக் கையோடு நின்றேன். என் டிரங்குப் பெட்டியில் புது பில்டர் இருந்தது. வெளியே வந்து நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வரவில்லை. மாவு காய்ந்து கையில் இறுகுகிற வரைக்கும் நின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சமைத்தேன். ரசத்தில் உப்பு சரியாக இருந்தது என்று உன் நைனா சொன்னார்.

பிறகு ஒரு பத்து நாள் போனதும், வீட்டில் யாரும் இல்லாதபோது, அந்தப் புதியதை எடுத்து அரிவாள்மனையில் நறுக்கினேன். ஒர்க் ஷாப்பிலிருந்து சாக்கில் கட்டிப் போட்டிருந்த பழைய சாமான்களில் நான் கழுவினதின் மிச்சம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதின் தகரக் குழாய், மூடி, பசை, மடிப்பு எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். நான் கழுவினதில் தகரக் குழாய் ஒரு நெளிவுகூட இல்லாமல் நேராக இருந்தது. முரட்டுத்தனமாக முறுக்கியிருந்தால் முதலில் நெளிவது குழாய்தான். காகிதம் மட்டும் தேங்காய் நார் பட்ட இடமெல்லாம் பஞ்சாகியிருந்தது. ஆகவே எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. தெரிந்துகொண்டு நான்கு வருஷம் வாயைத் திறக்கவில்லை. உன் நைனா காரை விற்றார், அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்து நீ சொன்னாய், முனுசாமிதான் எங்க நைனாவைக் கொன்றான் என்று. அப்போதும் நான் பேசவில்லை. உன் நைனாவைக் கொன்றது அவருடைய ரத்தக் கொதிப்பும் ஊறுகாயும். அதைச் சொல்லவாவது எனக்கு வாய் வந்திருக்கலாம்.

இப்போது உன் கடைசிக் கால் பக்கத்துக்கு வருகிறேன். "முனுசாமி வந்தான், வண்டி ஓட்டறேன், கழுவறேன், ஆனா பானெட்டை மட்டும் தொறக்கச் சொல்லாத தம்பி, ஸ்பானர் தொட மாட்டேன்னு சொல்றான். நானும் என் மச்சானும் விழுந்து விழுந்து சிரிச்சோம்" என்று எழுதியிருக்கிறாய். இப்போது அவர் இருக்கிற சதுரங்கப்பட்டினத்திலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும், அறுபது வயதை நெருங்குகிற ஒருவர், பஸ்ஸுக்குக்கூட வழியில்லாமல் நடந்தே வந்து நின்றிருக்கிறார். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். அந்த அலட்சியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஆகவே உன்னை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. ஆனால் அந்த வரியை நான் மறுபடி மறுபடி படித்தேன். ஸ்பானர் தொட மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? ஊர் சொன்ன பழி பொய் என்று அவருக்காவது தெரிந்திருக்கும், என்னைச் சந்தேகப்பட்டிருப்பார், மனசுக்குள் என்னைத் திட்டிக்கொண்டாவது இருப்பார் என்று நான்கு வருஷம் நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லையா?

நேற்றுக் காலை சதுரங்கப்பட்டினம் போனேன். வலை பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் மனைவி எழுந்திருக்கவில்லை. நான் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கழுவினது, காயவைத்தது, பெட்டிக்குள் போட்டது, மண்ணெண்ணெய் டின் என்று பொய் சொன்னது. அவர் கையில் இருந்த வலை ஊசி நின்றுபோயிற்று. பிறகு கேட்டார்.

"அப்போ அந்தச் சத்தம் இன்னாம்மா?"

"எந்தச் சத்தம்?"

"போல்ட்ட முறுக்கசொல்ல உள்ளாற டக்குனு ஒரு சத்தம் வந்துச்சேம்மா. மேஸ்திரி சொன்னப்புறம் யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன், எனக்கு நல்லா ஞாபகம் வந்துச்சி. டக்குனு. இன்னிக்கு வரைக்கும் காதுல கேட்டுகினே கீதும்மா. நாந்தான் நசுக்கிட்டேன், நாந்தான் முறுக்கிட்டேன்னு..."

"அப்படி ஒரு சத்தமே வந்திருக்காது. குழாய் நெளியவே இல்ல. நான் என் கண்ணால பாத்தேன்."

"வரலியா?"

"வரல."

அவர் மறுபடி கேட்டார், "வரலியாம்மா?" நான் மறுபடி வரல என்றேன். அவருடைய மனைவி அதுவரை என் பக்கம் திரும்பாதவள், அப்போது திரும்பினாள். "நாலு வருசமா இந்த ஆளு ஒரு ஆணியக்கூட அடிக்கல. கதவுத் தாப்பா கயண்டுச்சின்னா நாந்தான் போடறேன். என் கை பட்டா கெட்டுடும், நீ போடுன்னுவாரு. இத்த சொல்ல உனக்கு நாலு வருசம் ஆச்சா?" என்றாள். அவள் என்னை ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை. அந்த வீட்டில் எனக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் செய்தது சரி.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அனுப்புகிறேன். கண்டக்டர் படிக்கட்டும், வழியில் டீக்கடையில் நிறுத்துகிறபோது உரக்கப் படிக்கட்டும், படிக்கச் சொல்லியே கொடுக்கிறேன். அன்றைக்கு முனுசாமியின் பெயர் பஸ் ஸ்டாண்டில்தான் கெட்டது. அது அங்கேதான் சரியாக வேண்டும். உனக்குத் தலைகுனிவாக இருக்கும். இருக்கட்டும், குனிந்தால் பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்றாவது தெரியும். நாளைக் காலை செங்கல்பட்டில் ஒரு பஸ் முதலாளியின் ஷெட்டுக்கு முனுசாமி வேலை கேட்கப் போகிறார். நானும் கூடப் போகிறேன். அங்கே இருக்கிற மேஸ்திரிகள் எல்லாருக்கும் எதிரில், எந்த இஞ்சினை யார் கெடுத்தது என்று என் வாயால் சொல்லப் போகிறேன். அவர்கள் சிரிப்பார்கள். ஒரு பொம்பளை தேங்காய் நாரால் இஞ்சினைக் கெடுத்த கதை அவர்களுக்கு ஒரு வருஷத்துக்குப் போதும்.

கிளம்பும்போது நான் அவரிடம் கேட்டேன். தாய் இல்லையா, கேட்காமல் இருக்க முடியவில்லை. "என் பையன் வண்டிக்கு வரயா முனுசாமி? அவன் தப்புதான். நான் சொல்றேன், அவன் வந்து கூப்பிடுவான்." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வலையை மடித்துக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எந்த வண்டிக்கு வேணும்னாலும் போவேம்மா. உங்க வண்டிக்கு வர மாட்டேன்."

ஆகவே மகனே, நல்ல பில்டர் எது, கெட்டது எது என்று கையில் எடுத்த உடனே சொல்லக்கூடிய ஒருவர் உன் வாசல் வரைக்கும் நடந்து வந்தார். அவர் இனி வர மாட்டார். அதனால்தான் தூக்கிப் பார், கிளப்பிப் பார், வெளிச்சத்தில் பார் என்று இத்தனை பக்கம் எழுத வேண்டியதாகிவிட்டது. மீதி பதினொன்றையும் குப்பையில் போட்டுவிட்டு, இதைக் கவனமாகப் படித்து வைத்துக்கொள். உனக்குச் சொல்லிக்கொடுக்க இந்தக் கடிதம்தான் இருக்கிறது. எழுதியிருப்பது யார் என்பதையும் மறந்துவிடாதே.

கழுவியவள்,
உன் அம்மா